விக்ஸ்பர்க்குக்கு இரண்டு மணி நேரம் போதாது

அன்பு மாப்ளே,

உன் கடிதத்துக்கு நாலு மாசமாகப் பதில் போடாதது என் தப்பு, திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. வாத்தியார் பேத்திக்குக் காது குத்தினார்கள். வந்தவர்களெல்லாம் உன்னைத்தான் கேட்டார்கள். சாம்பார் வாளி கதையும் வந்தது, உன்னை விடுவார்களா?

இன்றே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், தங்கச்சி அனுப்பிய பயணத் திட்டம். டல்லாஸில் முப்பதடி மோட்டார் ஹோம் (வீடு மாதிரி வண்டி) எடுத்து ஐ-20 நெடுஞ்சாலை வழியாக அட்லாண்டா வரை, சரி. வழியில் வரும் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான விக்ஸ்பர்க்குக்கு நேரே "ஆறு பார்த்தல், 2 மணி நேரம்" என்று போட்டிருக்கிறாயே, அதுதான் மனசு கேட்கவில்லை. ஒரு முழுப் பகலை ஒதுக்குடா.

ஏனென்றால் ஊர்த் துறையில் நின்று நீ பார்க்கப்போகிற தண்ணீர் மிசிசிப்பியே இல்லை. அது யாசூ என்ற வேறொரு ஆறு. நீராவிப் படகுகளையும் பருத்தி மூட்டைகளையும் நம்பி வளர்ந்த ஊர் விக்ஸ்பர்க். 1876 ஏப்ரல் 26 அன்று மிசிசிப்பி, எதிர்க்கரையில் நீட்டிக்கொண்டிருந்த டி சோட்டோ முனையை அறுத்துக்கொண்டு வேறு வழியில் போய்விட்டது. துறை மண்மேடிட்டது. ராணுவப் பொறியாளர்கள் கால்வாய் வெட்டி யாசூவை ஊர் வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது 1903இல். நடுவில் இருபத்தாறு வருஷத்துக்கு மேல்! இன்னொன்று கேள். அதே முனையில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863இல், வடக்குத் தரப்புத் தளபதி கிராண்டின் படை, ஊர் மேட்டிலிருந்த தெற்குத் தரப்புப் பீரங்கிகளுக்குத் தப்பிப் படகுகளைக் கடத்த ஒரு கால்வாய் வெட்டித் தோற்றது. பதின்மூன்று வருஷம் கழித்து ஆறு தானாகவே அந்த வேலையை முடித்துவிட்டது.

அதனால் முதலில் நிஜ மிசிசிப்பியைப் பார், பிறகு துறைக்குப் போ. லூசியானா பக்கமிருந்து பாலம் தாண்டியதும் வருகிற 1ஏ எக்ஸிட்டில் இறங்கு. மாநில வரவேற்பு மையம் ஆற்றங்கரை மேட்டிலேயே இருக்கிறது. அங்கிருந்து இரண்டு பாலமும் தெரியும். 1930இல் கட்டிய பழைய பாலத்தில் இப்போது ரயில் மட்டும்தான். ஆற்றின் போக்கிலேயே ஒரு டவ்போட் (சரக்குப் படகுகளைத் தள்ளிக்கொண்டு போகும் எஞ்சின் படகு) வரும்வரை காத்திரு, அவசரப்படாதே. இந்தப் பகுதியில் லாக் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுத் தொட்டி) கிடையாது என்பதால், பார்ஜ் என்கிற எஞ்சின் இல்லாத சரக்குப் படகுகளை முப்பது வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும், ஒன்றாகக் கட்டித் தள்ளி வருவார்கள். பார்ஜ் ஒன்று 195 அடி நீளம், 35 அடி அகலம், சுமார் 1,500 டன் சரக்கு. ஐந்து ஐந்தாக ஆறு வரிசை என்றால் பார்ஜ் மட்டுமே 1,170 அடி, மொத்தம் 45,000 டன்.

பாலத்துக்கு வந்துசேரச் சற்று முன்பு ஆறு சட்டென்று வளைகிறது, சிக்கல் அங்கேதான். நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளும்போது முன்னோக்கியே ஓட்டித் திருப்பினால் பின்பக்கம் வெளிவளைவுக்கு வழுக்கிப் போய், மொத்தத் தொகுதியும் தூணுக்குக் குறுக்கே விழும். அதனால் கேப்டன் எஞ்சினை ரிவர்ஸில் போட்டு, புரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கிற தனிச் சுக்கான்களால் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு, முன்தலையை நீரோட்டமே திருப்பும்படி விடுவார். பாலத்துக்கு நேராக வந்த பிறகுதான் முழு வேகம். கணக்குத் தப்பி இந்தத் தூண்களில் மோதிய பார்ஜ்கள் நிறைய. வெள்ளக் காலத்தில் கடலோரக் காவல் படை, பகலில் மட்டும் போ, பார்ஜைக் குறை என்று கட்டுப்பாடு போடும்.

அதைப் பார்த்த கண்ணோடு வாஷிங்டன் தெருவில் இருக்கும் கீழ் மிசிசிப்பி ஆற்று அருங்காட்சியகத்துக்குப் போ. 1961 முதல் 1993 வரை ஓடிய 'மிசிசிப்பி' என்ற டவ்போட்டைத் தரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏறிப் பார்க்கக் காசு கிடையாது.

வண்டி விஷயம். வாஷிங்டன் தெருவில் முப்பதடியை நிறுத்தப் பார்க்காதே. கீழே லெவீ தெருப் பக்கம் சமதளம், வெள்ளச் சுவர் ஓவியங்களும் அங்கேதான். ஊரே காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மேட்டில் இருப்பதால் தெருக்கள் ஆற்றை நோக்கிச் செங்குத்தாக இறங்கும். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடு. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். திரும்பும்போது வால் வெளியே வீசும்: பின் அச்சுக்குப் பின்னால் ஒன்பதடி நீட்டியிருந்தால் ஏறக்குறைய மூன்றடி. தங்கச்சியைக் கீழே இறக்கிப் பின்பக்கம் பார்க்கச் சொல்.

மத்தியானம் ராணுவப் பூங்கா, அந்தப் போர் நடந்த இடம். பதினாறு மைல் சுற்றுப் பாதை. சின்னங்கள் எல்லாவற்றிலும் நிற்காதே, இல்லினாய் மண்டபம் ஒன்று போதும்: கிராண்டின் படை ஊரைச் சுற்றி வளைத்த 47 நாள் முற்றுகைக்கு 47 படி. மீதி நேரமெல்லாம் 'கெய்ரோ'வுக்கு. அது வடக்குத் தரப்பின், இரும்புக் கவசம் போட்ட 175 அடிப் போர்க்கப்பல். 1862 டிசம்பர் 12 அன்று கரையிலிருந்து மின்கம்பி வழியாக வெடித்த கண்ணிகளால் பன்னிரண்டே நிமிஷத்தில் மூழ்கியது, ஒருவரும் சாகவில்லை. மூழ்கியது எந்த ஆற்றில் தெரியுமா? அதே யாசூவில்! 1964இல் முழுசாகத் தூக்கப் பார்த்தபோது கம்பி வடங்கள் மர உடலையே அறுத்தன. கடைசியில் மூன்று துண்டாகத்தான் வெளியே வந்தது. உடைந்த உடலுக்குள் கொதிகலன்களைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

ராத்திரி முகாமில் 30 ஆம்ப் இணைப்பு என்றால், அங்கே 120 வோல்ட் என்பதால், மொத்தம் 3,600 வாட்தான். ஏசி ஓடும்போது மைக்ரோவேவும் வெந்நீர் ஹீட்டரும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். எல்லா வண்டியிலும் ஏசி ஓடுகிற வெயில் நேரத்தில் வோல்டேஜ் 105க்குக் கீழே போனால் ஏசியை அணைத்துவிடு, கம்ப்ரசர் எரிந்துவிடும்.

வசந்தத்தில் போவதாக இருந்தால், கிளம்பும் முன் விக்ஸ்பர்க் நீர்மட்டத்தைப் பார்த்து எனக்கு ஒரு வரி போடு. 43 அடி வந்தால் வெள்ள அளவு. 2011 மே மாசம் 57.1 தொட்டது. ஆறு ஏறி வருகிறதென்றால் துறையில் நிறுத்துவதை விட்டு வேறு இடம் யோசிப்போம். மத்தியானத்துக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளச் சொல், பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடை கிடையாது.

உன்
மச்சான்