வாய்மொழி உத்தரவுக்குத் தவணை கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜனநாயக நாட்டுக் குடிமக்கள் அரசாங்கத்தின் பிடியிலிருந்து உண்மையில் விடுபட்டவர்களா என்ற விவாதம் தேர்தல் வரும்போதெல்லாம் சூடு பிடிக்கிறது. "வாக்குச்சீட்டு கையில் இருக்கிறதே" என்பார் ஒருவர். "எல்லாம் ஏமாற்று" என்பார் மற்றவர். மேடைக்கு இரண்டும் பொருந்தும், டீஎஸ் ஒஃபிஸ் (பிரதேச செயலக) வரிசையில் நிற்பவருக்கு இரண்டாலும் பயனில்லை.

பிடி இருக்கத்தான் செய்கிறது. வதிவிடச் சான்றுக்கு ஜீஎஸ் (கிராம சேவகர்) கையொப்பமும் அதன்மேல் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். பெர்மிட் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியை) விற்கவோ ஈடு வைக்கவோ பிரதேச செயலாளர் சம்மதிக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டப் பொலிஸ் அனுமதி வேண்டும். இவற்றையெல்லாம் நீக்கினால் மக்களுக்குச் சுதந்திரம் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் மணல் விவகாரத்தைப் பார்க்கட்டும். மணல் ஏற்றிச் செல்லத் தேவைப்பட்ட போக்குவரத்து அனுமதிப்பத்திரத்தை 2019 டிசம்பரில் இலங்கை அமைச்சரவை நீக்கியது. பத்திரம் இருந்தால் எந்த இடத்து மணல், எத்தனை கியூப் என்று டிப்பரை மறித்துக் கேட்கலாம். பத்திரமே வேண்டாம் என்றானபின் எதை வைத்துக் கேட்பது? ஆற்றுப் படுகை ஆழமானால் கரை இடிந்து வயலைத் தின்னும், நீர்மட்டம் இறங்கிப் பக்கத்துக் கிணறும் வற்றும். அந்தச் சுதந்திரம் டிப்பர் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது.

ஆகவே எந்தக் கட்டுப்பாட்டைப் பற்றியும் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். அது எழுத்தில் இருக்கிறதா? எத்தனை நாளைக்குச் செல்லும்? அதை எதிர்த்து எங்கே போகலாம்? இலங்கையின் கிழக்கில் எமது மாவட்டங்களில் மக்களை அதிகம் வதைப்பது இந்த மூன்றும் இல்லாத வாய்மொழி உத்தரவுதான். "மேலிடத்துச் சொல்", "இப்ப வேண்டாம் தம்பி", "ஓஐசி (பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி) ஐயா விரும்ப மாட்டார்" என்ற வகை.

ஊர்வலத்தை எடுத்துக்கொள்வோம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு கேட்பது அறிவித்தலை. ஊர்வலம் தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலங்களுக்கு முன் அதைக் கொடுக்க வேண்டும். தடை செய்யும் அதிகாரம் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கே உண்டு. பலர் "அனுமதி கேட்டு" கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். பதில் வராததையே தடையாக எடுத்துக்கொண்டு கைவிடுகிறார்கள். "அறியத் தருகிறோம்" என்று எழுத வேண்டும். பாதை, தொடங்கும் நேரம், முடியும் நேரம் மூன்றையும் குறித்து இரண்டு பிரதிகளுடன் முதல் நாளே போய், ஒன்றில் திகதி, நேரத்துடன் முத்திரை வாங்கி வைத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி அனுமதி தனிச் சமாச்சாரம். அதற்குத் தனியாக விண்ணப்பிக்காமல் ஊர்வலத்தன்று மாட்டிக்கொள்பவர்கள் பலர்.

நீதிமன்றத் தடைக் கட்டளையையும் நிதானமாக வாசிக்க வேண்டும். நவம்பர் நெருங்கினால் தரவை, மாவடிமுன்மாரி, கஞ்சிகுடிச்சாறு என்று போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடக்கும் இடங்களைச் சுற்றி இந்தப் பேச்சுத்தான். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவின் கீழ் நீதவான் அவசரக் கட்டளை வழங்கலாம், மறுதரப்பைக் கேட்காமலும் வழங்கலாம். ஆனால் அது 14 நாட்களுக்கு மேல் செல்லாது. குறிப்பிட்ட ஒருவருக்கோ, குறிப்பிட்ட இடத்துக்கு வரும் பொதுமக்களுக்கோதான் அதை விதிக்கலாம். கட்டளையை மாற்றவோ நீக்கவோ அந்த நீதிமன்றத்திடமே கேட்கலாம். பொலிஸார் வாசலில் நின்று தாளைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போக விடக்கூடாது. பிரதி வாங்கி வழக்கு இலக்கம், திகதி, பெயர்கள், இடம் நான்கையும் பார்க்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரரின் பெயருக்கு வந்த கட்டளைக்குப் பயந்து ஊரே கதவடைப்பது சட்டம் கேட்காத கீழ்ப்படிவு.

கைதில் கணக்கு மணித்தியாலத்துக்கு வந்துவிடும். சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம். அமைச்சரின் தடுப்புக் கட்டளை வந்தால் மும்மூன்று மாதமாக நீளும். மொத்தம் 18 மாதம் என்றிருந்த உச்சம் 2022 திருத்தத்துக்குப் பின் 12 மாதம். தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவந்த சட்டத்துக்கு இது பெரிய ஆயுள். 2023 நவம்பரில் தரவை நினைவேந்தலையொட்டி நடந்த கைதுகளும் இதன் கீழ்தான். இச்சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. வீட்டார் அதை நம்பியிராமல் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குத் தாங்களே அன்றைக்கே போக வேண்டும்.

அங்கே இன்னொரு வேலையும் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது என்று மனுக்கள் தள்ளுபடியான வழக்குகள் உண்டு. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று ஆணைக்குழுவிடம் கடிதம் வாங்கி வைக்க வேண்டும். கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போகும் செலவைப் பார்த்துத் தயங்குவதற்குள் மாதம் ஓடிவிடும்.

வாக்குமூலம் பற்றி ஒரு சொல். சிங்களத்தில் எழுதி "இதில சைன் வை" என்று நீட்டினால், தமிழில் எழுதும்படியோ வாசித்து விளக்கும்படியோ கேட்க வேண்டும். முடியாதென்றால் கையொப்பத்துக்கு மேல் "இது சிங்களத்தில் எழுதப்பட்டது, எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று தமிழில் எழுதிவிட வேண்டும். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையே சொல்கிறது. அம்பாறைக் கச்சேரியிலிருந்து (மாவட்டச் செயலகத்திலிருந்து) திருக்கோவிலுக்குச் சிங்களக் கடிதம் வந்தாலும் அந்த உறுப்புரையைக் காட்டித் தமிழ்ப் பிரதி கேட்கலாம்.

அரசாங்கம் எங்களைப் பார்ப்பதுபோல் நாங்கள் அரசாங்கத்தைத் திரும்பிப் பார்க்கக் கிடைத்திருப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெற்றுத் தாளில் எழுதினாலே போதும், எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "எதுக்குத் தம்பி இது?" என்று கேட்டால் சிரித்துவிட்டு ஏற்றுக்கொண்டதற்கான துண்டை வாங்கிக்கொண்டு வரலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். மறுத்தாலும் பதிலே இல்லாவிட்டாலும் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு 3 வாரம். அதிலும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

பிழைப்பது பெரும்பாலும் கேட்கும் விதத்தில்தான். "எங்கள் வீதி ஏன் இப்படிக் கிடக்கிறது?" என்று கேட்டால் கட்டுரைதான் பதிலாக வரும். வீதியின் பெயர், ஆண்டு குறிப்பிட்டு மதிப்பீட்டின் பிரதி, அளவீட்டுத் தாளின் பிரதி, இறுதிக் கொடுப்பனவு வவுச்சரின் பிரதி என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கொங்கிரீட் 6 அங்குலம் என்று அளவீட்டில் இருந்து, வீதி ஓரத்தில் 4 அங்குலம் தெரிந்தால் மிச்சத்தை நாடா அளவுகோல் சொல்லும். அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவு போன்ற உதவிகளில் ஊரார் எல்லோருடைய விபரத்தையும் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க வழியுண்டு. உங்களுக்கு இட்ட புள்ளிகள், பயன்படுத்திய அளவுகோல், எத்தனை பேர் தெரிவானார்கள் என்று கேட்டால் அந்த வழி அடைபடும். "கோப்பைக் காணவில்லை" என்றால் 7ஆம் பிரிவைக் காட்டலாம். சட்டம் வந்தபோது இருந்த ஆவணங்களை அன்றிலிருந்து 10 வருடமும், அதன்பின் உருவானவற்றை 12 வருடமும் பேண வேண்டும்.

தனி ஆளாகக் கடிதம் போட்டால் "நீதானே அதைப் போட்டது" என்று சந்தியில் மறித்துக் கேட்கும் ஊர்கள் எங்களுடையவை. அங்கத்தவர்களில் முக்கால் பங்கினர் பிரஜைகளாக இருந்தால் மீனவர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ சங்கத்தின் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை விவகாரத்தில் எந்த எல்லை எப்போது எந்தத் திணைக்களத்தால் குறிக்கப்பட்டது என்று பண்ணையாளர் அமைப்புகள் வரைபடங்களைக் கேட்டு வாங்குவதற்கும் இதுவே பாதை.

இதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, தகவல் அலுவலர், குறித்தளிக்கப்பட்ட அலுவலர், தகவலறியும் உரிமை ஆணைக்குழு ஆகியோரின் தொடர்பு விபரத்தையும் கட்டணங்களையும் ஒவ்வொரு அரச அலுவலகமும் கண்ணில் படும் இடத்தில் அறிவித்தலாக வைக்க வேண்டும் என்கிறது. வாகரையிலிருந்து பொத்துவில் வரை உள்ள பிரதேச செயலகங்களும் பிரதேச சபைகளும் பொலிஸ் நிலையங்களும் அந்தப் பலகையைத் தமிழில், வரிசை நிற்கும் பக்கத்தில், இடமாற்றம் பெற்றுப் போனவரின் பெயரை அழித்துப் புதியவரின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

வாசகர்கள்,
களுவாஞ்சிக்குடி.