பாப்பாவுக்கு, திருவையாற்றிலிருந்து அத்தை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் "நாலு வருஷம் வீணாப் போச்சு அத்தை" என்றாய். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை அளக்க நீ செய்த சென்சார், உப்புக்கரைசலில் ஒழுங்காக அளவு காட்டுகிறது, ரத்தத்தில் தடுமாறுகிறது, ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையும் திரும்பி வந்துவிட்டது. அப்போது எனக்குப் பேச வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்று காலையும் உன் அப்பாயிக்கு சுகர் பார்த்தேன். ஐம்பது வருஷம் நாற்று நட்ட கை. விரல் நுனி காய்த்துக் கிடக்கிறது, ஊசி இறங்காது. பக்கவாட்டில் குத்தி, அடியிலிருந்து நீவிவிட்டால்தான் கடுகளவு ரத்தம் வரும். ஸ்ட்ரிப் உறிஞ்சியதும் 212 என்று காட்டியது. இட்லி இரண்டோடு நிறுத்தினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஸ்ட்ரிப்புக்கு வழி போட்டவர் அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க். ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் கருவி ஒன்று செய்து கட்டுரை அனுப்பினார். எவ்வளவு ஏறியது என்று அளக்கவில்லையே என்று திருப்பிவிட்டார்கள். அளக்கச் சரியான கருவியே அப்போது இல்லை. சரி, அதையே செய்வோம் என்று இறங்கினார். பிளாட்டின மின்முனையை ரத்தத்தில் வைத்தால் புரதம் படிந்து அளவு தப்பும். உன் தொல்லையேதான்! செலோபேன் தாளால் மூடிப் பார்த்தார், பிறகு பாலிஎத்திலீன். ஆக்சிஜன் உள்ளே போனது, புரதம் வெளியே நின்றது. 1956இல் அதை வெளியிட்டார். 1962இல் அதன்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைச் சேர்த்தார். நொதி குளுக்கோஸோடு வினைபுரியும்போது ஆக்சிஜன் செலவாகும். அது குறைவதை வைத்துச் சர்க்கரையைக் கணக்கிடலாம்.

ஆய்வகக் கருவியாக விற்பனைக்கு வந்தது 1975இல்தான். பேனா அளவில் வீட்டுக்கு வர 1987 ஆனது. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடை வயல் நனைய எத்தனை நாள் ஆகும் என்று உனக்குத் தெரியாதா?

இத்தனை வருஷம் வேதியியல் நடத்தியவளாகச் சொல்கிறேன், ரத்தத்தில் அளவு தப்புகிறது என்று நீ கண்டதும் ஒரு முடிவுதான். அளவைக் குழப்புவது ரத்தத்தில் இருக்கும் புரதமா, யூரிக் அமிலமா, வைட்டமின் சி-யா, பாரசிட்டமாலா? ஒவ்வொன்றாகக் கரைசலில் சேர்த்துப் பார்.

அடுத்த மாதம் அப்பாயிக்குக் கிரியாட்டினின் பார்க்கத் தஞ்சாவூருக்கு பஸ் ஏற வேண்டும். நரம்பில் குத்தி ஒரு குழாய் ரத்தம் எடுப்பார்கள். அவர் நரம்பு லேசில் அகப்படாது, போன தடவை மூன்று இடத்தில் குத்தினார்கள். அதை ஒரே சொட்டில் பார்க்கத்தான் நீ பாடுபடுகிறாய்.

சனிக்கிழமை வீட்டுக்கு வா. முதலில் நன்றாகத் தூங்கு. அப்புறம் அந்தத் திரும்பி வந்த கட்டுரையைக் கூடத்தில் விரித்து, அவர்கள் கேட்டதை வரி வரியாகப் பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை