எம், கே, செமிகோலன்

ஆசிரியர் அவர்களுக்கு,

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். 11 வயதில் எனக்குப் பார்வை போய்விட்டது. இப்போது பஸ்ஸில் போய்வந்து கணினி டிப்ளோமா படிக்கிறேன். "கண்ணு தெரியாம எப்படிம்மா கம்ப்யூட்டர்?" என்று பஸ்ஸில் யாராவது கேட்டால் ஹெட்போனைக் கொடுத்துவிடுவேன். நான் வைத்திருக்கும் வேகத்தில் ஒரு சொல்லும் பிடிபடாமல் உடனே திருப்பித் தந்துவிடுவார்கள்.

அதில் பேசுவது என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டும் மென்பொருள். 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் தொடங்கியது. இலவசம். பென்டிரைவிலேயே வைத்து ஓட்டலாம், லேப் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடாத எனக்கு அது பெரிய உதவி. அதன் பெரும்பகுதி பைத்தன் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, நான் படிப்பதும் பைத்தன். பைத்தனில் வரி எவ்வளவு உள்ளே தள்ளி ஆரம்பிக்கிறது என்பது முக்கியம் அல்லவா? அதை ஒலியாகக் கேட்க என்.வி.டி.ஏ.யில் வழி உண்டு. உள்ளே போகப் போகச் சுருதி ஏறும். ஒரு ஸ்பேஸ் குறைந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். லய வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் எல்லாவற்றையும் மூடிவைக்க வேண்டியதுதான்.

ஆகவே, படிக்க என்னால் முடிகிறது. தடுக்கி விழுவது வேறு இடத்தில்.

முதலாவது, தமிழில் தரும் டியூட், அதாவது பாடக் குறிப்பு. எங்கள் நாட்டில் இன்னமும் நிறையப் பேர் பாமினி எழுத்துருவில்தான் டைப் செய்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது அழகான தமிழ். கம்ப்யூட்டருக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்ற சொல்லை எழுத்து எழுத்தாக நகர்த்திக் கேட்டால் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வாசிக்கும். 20 பக்கமும் இப்படித்தான். கம்ப்யூட்டருக்குள்ளும் தமிழாகவே இருக்கும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன, நானே மாற்றிக்கொள்கிறேன். ஆனால் டியூட்டை போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாற்ற அதில் எழுத்தே இல்லை. அப்புறம் தங்கச்சியைத்தான் கூப்பிட வேண்டும். அவளுக்கும் பரீட்சை.

இரண்டாவது, மென்பொருள். ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழிப் பாடத்துக்கு ஒன்றைத் தந்தார்கள். திறந்தால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு வாரம் என் பிழை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். திரை வாசிப்பானுக்கு வழிவிடும் ஜாவா அக்சஸ் பிரிட்ஜ் என்று ஒன்று ஜாவாவோடு சேர்ந்தே வருகிறது, அது அணைந்து கிடந்திருக்கிறது. ஒரே ஒரு கட்டளை கொடுத்ததும் மெனுவெல்லாம் பேச ஆரம்பித்தது. இதைச் சொன்னபோது சேர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார், அவருக்கும் அதுவரை தெரியாது.

ஒன்லைன் பரீட்சையில் அப்படி ஒரு வழியும் இருக்கவில்லை. டேப் விசையை அழுத்த அழுத்த "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே கேட்டது. செய்தவர்கள் பட்டனுக்குப் படம் போட்டார்கள், பெயர் வைக்க மறந்துவிட்டார்கள். எது 'அடுத்தது', எது 'முடி'? மூன்றாவதை அழுத்தினேன். பரீட்சை முடிந்துவிட்டது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2016இல் அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. சரி, நான் கேட்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஒரு மென்பொருளைப் பாடத்துக்கோ பரீட்சைக்கோ எடுப்பதற்கு முன், மவுஸைக் கழற்றி, திரையை அணைத்துவிட்டு, என்.வி.டி.ஏ.யோடு அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய பிறகு நான் போய்ச் சொன்னால், "இந்த முறை சமாளிச்சுக்கோம்மா" என்பதுதான் பதிலாக வருகிறது. வேண்டுமென்றால் பென்டிரைவோடு நானே வந்து சோதித்துத் தருகிறேன்.

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இணையப் பதிப்பில் பக்கங்கள் முழுசாகப் படங்களாகவே வருகின்றன. இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் தயவுசெய்து எழுத்தாகவும் போடுங்கள். தங்கச்சியைக் கூப்பிடாமல் வாசிக்கலாம்.

இப்படிக்கு,
கணினி மாணவி ஒருத்தி,
தலவாக்கலை.