‘இது வேண்டாம்’ என்று சொன்ன மருந்துக்கடைத் தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

பாளையங்கோட்டைச் சொந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

எக்கோ என்கிற இதய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, “இனி மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்தா போதும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவின் எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 55க்குக் கீழே வந்துவிட்டது. அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் வைத்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் அதை மறுபடி விரித்து எழுதவில்லை. நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் நீளம். பெயர் போடக் கூடாது என்று பலரும் சொல்லிவிட்டதால் ஆளை மட்டும் அடையாளம் காட்டுகிறோம்.

முதல் நன்றி முக்குக் கடை மருந்தாளுநர் தம்பிக்கு. உயிரைப் பிடித்து நிறுத்திய டாக்டர்கள் இருக்க இவருக்கு ஏன் முதலிடம் என்று கேட்பீர்கள். விற்றால் நாலு காசு வரும் இடத்தில் நின்றுகொண்டு “இது வேண்டாம்” என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அதுவும் நாங்கள் கேட்காமலே சொன்னார்.

நலம் விசாரிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, வைட்டமின் ஈ, கோ-கியூ-டென், சோடியம் குறைந்த உப்பு, வெளிநாட்டிலிருந்து வந்த சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை, தெம்புக்கு லேகியம் என்று ஒரு கட்டைப்பை நிறைந்துவிட்டது. எல்லாம் பாசத்தில் வந்தவை. தம்பி டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கி விரித்துவைத்துக்கொண்டு, பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு டப்பாவையும் அந்தச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். சாயங்காலக் கூட்டம் நிற்க நிற்கப் பார்த்தார். அவர் சொன்னது பலருக்கும் உதவும் என்பதால் இங்கே விரித்து எழுதுகிறோம். ஒன்றை மறக்க வேண்டாம்: இது அப்பாவின் சீட்டுக்குப் பொருந்தியது. உங்கள் சீட்டு வேறாக இருக்கும்.

அவர் முதலில் ஒதுக்கியது உப்புப் பாக்கெட்டை. இதயத்துக்கு நல்லது என்று விளம்பரம் வருகிறதே என்றோம். அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். 2021இல் வெளியான பெரிய சீன ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்திய கிராமத்தாருக்குப் பக்கவாதம் குறைந்தது உண்மைதான். ஆனால் அப்பா சாப்பிடும் இதய மாத்திரைகளில் ராமிப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் உண்டு. இரண்டுமே பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைப்பவை. அதோடு இந்த உப்பும் சேர்ந்து, ரத்தத்தில் பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் இதயத்துடிப்பின் சீர் கெடலாம். முன்கூட்டி ஒரு அறிகுறியும் தெரியாமலே போகலாம். தினம் இரண்டு இளநீர் கொண்டுவந்த அண்ணாச்சிக்கும் இதுதான் பதில். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய. இந்த வகை மாத்திரைகள் தொடங்கியதும் ஓரிரு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அந்தப் பரிசோதனைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்தது சிவப்பு ஈஸ்ட் அரிசி. லேபிளில் மூலிகை என்றுதான் போட்டிருக்கிறது. அதில் இருக்கும் மோனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்கிற, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையும் வேதியியலில் ஒரே பொருள். ஏற்கெனவே அடோர்வாஸ்டாட்டின் போய்க்கொண்டிருக்கும் உடம்பில் இன்னொரு ஸ்டாட்டின் ஏறினால் தசை சிதையும் ஆபத்து கூடும். உடம்பு வலியோடு சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போனால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

லேகியத்தைத் திறக்கவே விடவில்லை. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் ஒன்றும் அதில் இல்லை. ‘தெம்பு’, ‘வீரியம்’ என்று விற்கும் சரக்குகளில் ஆண்மைக் குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில் மருந்தைச் சொல்லாமல் கலப்பதை அமெரிக்க மருந்துத் துறை பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது உள்ளே போன 24 மணி நேரத்துக்குள் நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் சார்பிட்ரேட் வைத்தால் ரத்த அழுத்தம் அப்படியே சரிந்துவிடும். இதை வெட்கப்பட்டு யாரும் பேசுவதில்லை. தம்பி அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்.

மீன் எண்ணெய்க்கு அவர் கணக்கே போட்டார். டப்பாவின் முன்பக்கம் 1000 மி.கி. என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. ஆக, வேலைக்கு ஆகிற ஒமேகா-3 வெறும் 300 மி.கி. 2018இல் ரெட்யூஸ்-இட் ஆய்வில் பலன் கண்டது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு கூடியவர்களுக்கு மருந்துச்சீட்டோடு தந்த தினம் 4 கிராம் சுத்தமான இ.பி.ஏ. அந்த அளவிலும் சிலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகும் கோளாறு கூடியது. கடையில் வாங்கும் மாத்திரைக்கு அந்தப் பெயரைக் கடன் வாங்கக் கூடாது. “இந்தக் காசுக்குச் சாளை வாங்குங்க, வாரம் ரெண்டு நாள், குழம்பா வச்சு, பொரிக்காம” என்றார். நூறு கிராம் சாளையில், அதாவது மத்தி மீனில், ஏறத்தாழ ஒரு கிராம் ஒமேகா-3 கிடைத்துவிடும்.

பூண்டு மாத்திரையும் வைட்டமின் ஈயும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சாப்பிடுகிறவருக்கு ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. குழம்பில் போடும் பூண்டுக்குத் தடையில்லை. 2000இல் வந்த ஹோப் ஆய்வில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. வைட்டமின் டி மாத்திரை வேண்டுமென்றால், பரிசோதனையில் குறைவு என்று வந்தால் மட்டும். கோ-கியூ-டென் பெரும்பாலும் கெடுதல் செய்யாது, ஆனால் ஸ்டாட்டின் தசைவலியைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை, விலையோ அதிகம். மருதம்பட்டை சாப்பிட விரும்பினால், மாத்திரைப் பட்டியலைச் சித்த மருத்துவரிடமும் இதய மருத்துவரிடமும் காட்டிவிட்டு.

நாங்கள் நினைத்தும் பார்க்காத இரண்டை அவராகவே சேர்த்தார். முதுகுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போடக் கூடாது. மாரடைப்பு வந்தவருக்கு இவை மறுபடி வரவழைக்கும் ஆபத்தைக் கூட்டும், ஐபுபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையையும் தடுக்கும். அளவோடு பாராசிட்டமால் போதும். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வாங்கிப் போடுவதும் கூடாது, குளோபிடோகிரலின் பலனை அது குறைக்கும். டாக்டர் எழுதிய பான்டோபிரசோலை மாற்றாதீர்கள். கேஸ் என்று நினைத்துச் சோடா உப்புப் பொடி கலக்கிக் குடிப்பதில் சோடியமும் ஏறும், வந்தது நெஞ்சுவலியாக இருந்தால் நேரமும் போகும்.

கடைசியாக ஆஸ்பிரின் 75, குளோபிடோகிரல் 75 இரண்டையும் சிவப்பு மையில் வட்டமிட்டார். ஸ்டென்ட் வைத்தவர் டாக்டர் சொன்ன காலம்வரை, வழக்கமாக ஓராண்டு, இதில் ஒரு வேளைகூட விடக் கூடாது. விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். பல் பிடுங்கப் போனால்கூட நாமாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரைக் கேட்டுத்தான். இன்றுவரை அட்டை தீர நாலைந்து நாள் இருக்கும்போதே அவரிடமிருந்து போன் வந்துவிடுகிறது. தம்பி, நீங்கள் அன்றைக்கு விற்காமல் விட்டதற்கு நாங்கள் எப்படிக் கணக்குத் தீர்ப்பது?

சமையலறையை ஒழுங்கு செய்தது அடுத்த வீட்டு மைனி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்று அளந்து தனி பாட்டிலில் ஊற்றி, பாட்டிலில் வாரக்கோடு போட்டுக் கொடுத்தார்கள். கோட்டைத் தாண்டினால் அடுத்த நாள் தாளிப்பு கிடையாது. செக்கில் ஆட்டியது என்றாலும் தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்புதான், அதனால் நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் மாற்றி மாற்றி. உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். காலையிலேயே வீட்டுக்கான மொத்தத்தையும் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிட்டு டப்பாவை மேலே ஏற்றிவிட வேண்டும். அப்பளம், வத்தல், ஊறுகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்காது என்பதால் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. ருசிக்கு எலுமிச்சை, மிளகு, சீரகம். தேங்காய்ப்பால் சொதியை அப்பாவால் விட முடியாது. முதல் பால் ஊற்றாமல், பாசிப்பருப்பைக் கூட்டி, மூன்றாம் பாலில், மாதம் ஒருதரம் என்று மைனி சமாதானம் செய்துவைத்தார்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதி பருப்போ மீனோ. அல்வாவைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு ஒன்றும் எழுதாமல் விடுவதுதான் மரியாதை.

நடைக்கு வ.உ.சி. மைதானத்து அண்ணாச்சிமார். அரசு 2023இல் தொடங்கிய எட்டுக் கிலோமீட்டர் நடைப்பாதைக்கு உடனே கிளம்பிய அப்பாவை, “அது அப்புறம், இப்ப அஞ்சு நிமிஷம்” என்று பிடித்துவைத்தவர்கள். சமதரையில் ஐந்து பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை, பிறகு ஓரிரு நிமிடமாகக் கூட்டி, ஆறு வாரம்போல ஆகும்போது அரைமணி நேரம். பிசியோதெரபி அக்கா சொன்னது: இதயத்துடிப்பை மட்டுப்படுத்தும் மெட்டோபுரோலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பு சரியாக ஏறாது, அதனால் கைக்கடிகாரத்தின் எண்ணை நம்பாதீர்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்தான் அளவு. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் நடை. நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலைசுற்றும், கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குடம் தூக்குவது கூடவே கூடாது. நடுவில் நெஞ்சு இறுகினால் உட்கார்ந்து, சார்பிட்ரேட் 5 மி.கி. நாக்குக்கடியில். ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் 108. மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால் அது சாப்பாட்டால் வந்ததல்ல, நீர் கோர்ப்பது. அதற்கும் டாக்டருக்குப் போன் போட வேண்டும். அண்ணாச்சிமாருக்கு அப்பாவைவிட வேகமாக நடக்கத் தெரியும், தெரிந்தும் பின்னாலேயே வந்தார்கள்.

கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து 108இல் ஏற்றிவிட்ட நர்ஸ் அம்மா, வண்டியில் கூடவே வந்த பணியாளர்கள், ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்த டாக்டர்கள், ராத்திரி வார்டைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், வாடகை வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், கடையைப் பூட்டாமல் பார்த்துக்கொண்ட சித்தப்பா, எங்கள் வீட்டுப் பக்கம் இருந்த மைக் குழாயைத் திருப்பிக் கட்டிய கொடைக் கமிட்டிப் பையன்கள், அப்பாவோடு சேர்ந்து பீடியை விட்ட இரண்டு கூட்டாளிகள், எல்லோருக்கும் கை கூப்புகிறோம்.

நேர்ச்சைபோல ஒன்றை எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். இந்தத் தெருவில் இனி யார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாலும், எங்கள் வீட்டிலிருந்து வருகிறவர் கையில் டப்பா இருக்காது. ஒரு கிலோ கீரையோ காயோ இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கி, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று பெரிய எழுத்தில் தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டு வருவோம். காலை ஆறு மணிக்கு மைதானத்தின் வாசலில் அப்பா நிற்பார். மெதுவாக நடக்க ஆள் வேண்டுபவர்கள் வரலாம்.

இப்படிக்கு,
மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள்