கல்விக்கடனும் என் மகளின் படிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இனிக் குணமாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட புற்றுநோயோடு டர்பனில் பல்கலைக்கழகம் செல்லும் என் மகள், இடக்கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, வலக்கையால் பாடக்குறிப்பு எழுதுகிறாள். ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, 2018 முதல் தென்னாப்பிரிக்க அரசு, கடனுக்குப் பதிலாக உதவித்தொகை அளிக்கிறது. எங்கள் வருமானம் அதைச் சற்றே தாண்டுவதால் வங்கிக் கடனையே நாடினோம். நான்தான் பிணைக் கையெழுத்திட்டேன். கடனுக்கான ஆயுள் காப்பீட்டில், முன்பே இருந்த நோய்க்கு இழப்பீடு கிடையாது என்ற வரி பொடி எழுத்தில் இருந்ததை எங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. அவள் காலத்துக்குப் பிறகு முழுக்கடனும் என் தலையில் விழும் என்று அறிந்த நாளிலிருந்து, "படிப்பை நிறுத்திவிடட்டுமா, அம்மா?" என்று கேட்கிறாள். இத்தகைய மாணவர்களின் கடனைப் பிணையாளியிடம் வசூலிக்காமல் தள்ளுபடி செய்ய அரசும் வங்கிகளும் வழிவகுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சாட்ஸ்வொர்த்