பெட்டியில் வந்த பைக்

மக்களே,

நீ அனுப்பின, புது பைக் பெட்டியைப் பிரிச்ச படம் பார்த்தேன். 125 சிசி, கார்புரேட்டர் வண்டி. முன்சக்கரமும் ஹேண்டிலும் தனியா வந்திருக்கு. இன்னிக்கே ஸ்டார்ட் பண்ணாதே. அதில் முறுக்கியிருக்கிற நட்டெல்லாம் கப்பலில் ஏத்துறதுக்கு முறுக்கினது, ஓட்டுறதுக்கு இல்லை. ஒண்ணு விடாம ஸ்பேனர் போட்டுப் பாரு.

டயர் சுத்திவந்த அட்டையோட காகிதத்தையும் தூக்கி எறிஞ்சிராதே. எம்.சி.ஓ., அதாவது வண்டி செஞ்ச கம்பெனி தர்ற பிறப்பிடச் சான்று இல்லைன்னா அமெரிக்காவில் வண்டியை உன் பேருக்கு மாத்த அலையணும்.

முன்சக்கரத்தில்தான் நிறையப் பேர் சொதப்புவாங்க. பிரேக் பேடுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், டிஸ்க் உள்ளே போற நேரத்தில் மட்டும் அதை எடு. டிஸ்க் இல்லாதப்போ லிவரைப் பிடிச்சா பேடு ரெண்டும் ஒட்டிக்கும். ஆக்சிலில், அதாவது சக்கர அச்சில், ரெண்டு பக்கமும் மாட்டுற புஷ் ரெண்டும் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது. மாத்திப் போட்டா, பேடைப் பிடிச்சிருக்கிற காலிபரில் டிஸ்க் உரசும். ஆக்சிலை முறுக்கினதும், ஃபோர்க் காலில் ஆக்சிலை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போல்ட்டை முறுக்குறதுக்கு முன்னாடி, பிரேக்கைப் பிடிச்சு ஃபோர்க்கை நாலஞ்சு தடவை அமுக்கி விடு. இல்லைன்னா ஃபோர்க் கோணி நின்னு இறுகும். டிஸ்க்கில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், பிரேக் கிளீனர் போட்டுத் துடை.

எஞ்சின் ஆயிலைக் காலின்னு நினைச்சுக்கோ. உள்ளே கொஞ்சம் கிடந்தாலும் வடிச்சிரு. 10டபிள்யூ-40 ஆயில் வாங்கு, டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜாஸோ எம்ஏ தரக்குறி போட்டிருக்கணும். கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும். முதல்ல 800 மில்லி ஊத்து. இந்த மாதிரி எஞ்சினில் அளவுக்கம்பியைத் திருகாம சும்மா வச்சுப் பார்க்கணும். குறைஞ்சா கொஞ்சம் கொஞ்சமா விடு.

பேட்டரியில் ஆசிட் ஊத்தினா அரை மணி நேரமாவது விட்டுட்டு அப்புறம் சார்ஜ் போடு. 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். வண்டியில் மாட்டுறப்போ பிளஸ் வயர் முதல்ல, எர்த் (மைனஸ்) கடைசியில்.

ஸ்டார்ட் ஆகலைன்னா உடனே கார்புரேட்டரைக் கழட்டாதே, அது கடைசி வேலை. எஞ்சினை நிறுத்துற கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச், பெட்ரோல் டேப்பு மூணையும் பாரு. இங்கே களியக்காவிளையில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கப்புறம் எர்த் முனை பச்சை பிடிச்சு வர்ற வண்டிதான் அதிகம். கடல் தாண்டி வந்த வண்டிக்கும் அதே கதைதான், கனெக்டரெல்லாம் கழட்டிச் சுரண்டு. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, அதோட வயர் கேப்பில் மாட்டி, எஞ்சின் இரும்பில் ஒட்டவச்சு உதை. பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளிப் பிடி. நீலப்பொறி வந்தா கரண்ட் சரி. பொறியே இல்லைன்னா கில் ஸ்விட்ச் வயரை உருவிட்டுத் திரும்ப உதை. இப்போ வந்தா குற்றவாளி ஸ்விட்ச்தான்.

பொறி இருந்து பிளக் காய்ஞ்சிருந்தா கார்புரேட்டர் கப்பின் அடி ஸ்குரூவைத் தளர்த்து. பெட்ரோல் ஒழுகணும். பிளக் நனைஞ்சிருந்தா சோக்கை எடுத்துட்டு, ஆக்சிலேட்டரை முழுசாத் திருகி உதை. சோக்கில் மட்டும் ஓடி, அதை எடுத்ததும் நின்னா கார்புரேட்டருக்குள்ள இருக்கிற சின்னத் துளை, பைலட் ஜெட், அடைச்சிருக்கும், இல்லைன்னா கார்புரேட்டரை எஞ்சினோட சேர்க்கிற மேனிஃபோல்டு ரப்பரில் காத்து ஏறுது. ஜெட்டை ஒத்தைச் செம்புக் கம்பியால் குத்து. ஊசி வேண்டாம், துளை பெருசாயிரும்.

ஓடின பிறகு ஹேண்டிலை ரெண்டு ஓரத்துக்கும் திருப்பு. சத்தம் ஏறினா ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்குதுன்னு அர்த்தம். அதைச் சரி பண்ணாம ரோட்டுக்கு எடுக்காதே.

முதல் 100 மைலில் ஆயிலை மாத்து, செயினையும் ஸ்போக்கையும் தட்டிப் பாரு. வடிச்ச ஆயிலில் வெள்ளித்தூள் மினுங்கினா பயப்படாதே. துண்டு துண்டா வந்தா படம் எடுத்து அனுப்பு.

அம்மா