கழிவுநீர்க் குளங்களின் வாயிலை முற்றாக அடைத்துவிடாதீர்கள்: நெடுஞ்சாலை 11 ஓரத்து நகரசபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர்களுக்கும் நகரசபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கனடாவின் வடகிழக்கு ஒன்ராறியோவில் நெடுஞ்சாலை 11 வழியே மாதிசனிலிருந்து ஹேர்ஸ்ட் வரை காரில் செல்லும் பலருக்கு, ஊரின் கழிவுநீரைத் தேக்கிச் சுத்திகரிப்பதற்காக ஒதுக்குப்புறத்தில் கம்பிவேலிக்குள் வெட்டப்பட்ட கழிவுநீர்க் குளங்கள் கண்ணில் படுவதே அரிது. பறவை நோக்குவோருக்கோ அவ்வழியில் முதலில் நிற்க வேண்டிய இடங்கள் அவைதாம். விபத்துப் பொறுப்பையும் காப்புறுதிச் செலவையும் கருதி இக்குளங்களைப் பொதுமக்களுக்கு முற்றாக மூடும் எண்ணம் எந்தச் சபையிலேனும் எழுமானால், முடிவெடுக்குமுன் இம்மடலைப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

நாற்றமடிக்கும் குளத்தில் பறவைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பாடுதான் வேலை. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியை வளர்க்கின்றன. பாசி வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. இவற்றைத் தின்று நீர்த்தெள்ளுகளும் பூச்சிப் புழுக்களும் பெருகுகின்றன. சத்துக் குறைந்த சதுப்புகள் சூழ்ந்த ஊசியிலைக் காட்டில் இத்தகைய செழிப்பு எளிதில் அமைவதில்லை. தட்டைவாயன் வாத்து நீரை அலகால் சலித்தபடி மிதக்கும். வில்சன் ஃபலரோப் என்ற சிறு நீர்ப்பறவை பம்பரமாய்ச் சுழன்று, கீழிருந்து மேலெழும் சிற்றுயிர்களைக் கொத்தும்.

ஆனால் என் வேண்டுகோளுக்கு முதன்மையான காரணம் பொழுதுபோக்கன்று. வட அமெரிக்காவின் வருடாந்தர இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பு சாலையோரமாகவே நடப்பது. உங்கள் ஊர்களுக்கு வடக்கே ஜேம்ஸ் விரிகுடா வரையுள்ள காட்டிலோ சாலைகள் மிகக் குறைவு. அத்தகைய ஈரக் காடுகளில் கூடுகட்டும் சிறிய மஞ்சள்கால் உள்ளான் என்ற கரைப்பறவையை, அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகக் கனடாவின் வனவிலங்கு மதிப்பீட்டுக் குழு 2020இல் வகைப்படுத்தியது. இன்னொன்று தனித்த உள்ளான்: 1813இல் அறிவியலுலகுக்கு விவரிக்கப்பட்ட இப்பறவை, மரத்தில் வேறு பறவைகள் கைவிட்ட கூட்டில் முட்டையிடுகிறது என்பது 1903இல்தான் தெரியவந்தது. கூட்டைத் தேடி நாம் போக இயலாத இப்பறவைகள், கோடையில் தெற்கே திரும்பும் வழியில் உங்கள் குளக்கரைச் சேற்றில் இறங்கி இரை தேடுகின்றன. அங்கே ஆண்டுதோறும் எடுக்கப்படும் எண்ணிக்கை, காட்டுக்குள் நடப்பதை அறிய நமக்குள்ள மிகச் சில வழிகளுள் ஒன்று.

உங்கள் அச்சம் நியாயமானது. கரைச்சரிவில் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குளத்தில் தவறி விழுந்தவர் தானாக ஏறி வருவது மிகக் கடினம். பணியாளர்களின் வண்டிக்கு நாங்கள் இடைஞ்சலாவதும் சரியன்று. ஆகவே கட்டற்ற நுழைவை நான் கேட்கவில்லை. நகரசபை அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, பொறுப்புத்துறப்புப் படிவத்தில் கையெழுத்திட்டு, பணியாளர் காட்டும் கரைமேட்டில் மட்டும் வேலைநாட்களில் நடக்க அனுமதி தந்தால் போதும். அதுவும் இயலாதெனில், வேலிக்கு வெளியே, உள்ளே பார்க்கும் உயரத்தில் ஒரு மரமேடை அமைத்துத் தாருங்கள். காலை வெயில் முதுகுப்பக்கம் விழும்படி அது கிழக்குப் பக்கத்தில் அமைவது நல்லது. மஞ்சள்கால் உள்ளான்கள் ஜூலையில் தெற்கு நோக்கித் திரும்பத் தொடங்கிவிடுவதால், ஜூன் மாத இறுதிக்குள் இதுபற்றி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்ராறியோவில் வாழும் பறவை நோக்கர் ஒருவர்